நீங்கள் வெளியிடும் கோப்பையே சோதியுங்கள்: பல இயங்குதள நூலகங்களின் பராமரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பராமரிப்பாளர்களுக்கு,

வணக்கம். பிறர் எழுதிய மென்பொருள் நூலகங்களைச் சேர்த்து, சேவையகத்திலும் மேசைக்கணினியிலும் கைப்பேசியிலும் ஓட வேண்டிய ஒரே மென்பொருளாகக் கட்டித் தருவது என் தொழில். உங்களில் பெரும்பாலோர் ஊதியமின்றி, இரவு நேரங்களிலும் விடுமுறை நாட்களிலும் இந்த நூலகங்களைப் பேணி வருகிறீர்கள் என்பதை நான் அறிவேன். அதனால், உங்கள் வேலையைக் கூட்டும் கோரிக்கை எதையும் முன்வைக்க எனக்கு உரிமையில்லை. நான் கேட்கப்போவது ஒன்றுதான். உங்கள் கவனத்தில் ஒரு பகுதியை மூலநிரலிலிருந்து எடுத்து, நீங்கள் வெளியிடும் கோப்பின்மீது வையுங்கள். அந்தக் கோப்பு எந்தக் கணினியில் ஓடும் என்று எழுதுங்கள், அந்தக் கணினியிலேயே அதை ஓட்டிப் பாருங்கள், அது எங்கிருந்து வந்தது என்பதற்குச் சான்று விடுங்கள். இதைச் செய்தால் உங்களுக்கு வரும் புகார்களில் ஒரு பெரும்பங்கு வராமலே போகும் என்று நம்புகிறேன்.

மூலநிரலைச் சுருக்கிக் கட்டி வெளியிட்டால் போதும் என்றிருந்த காலத்தில் இந்தக் கேள்வி எழவில்லை. பயனர் அதை இறக்கி, தம் கணினியில் தாமே தொகுத்துக்கொள்வார். அவருடைய இயங்குதளத்தின் குணங்களுக்கு, மூலநிரலை ஓடக்கூடிய கோப்பாக மாற்றும் அவருடைய கம்பைலரே பொறுப்பு. இன்று பைத்தானுக்கு வீல், ஜாவாவுக்கு ஜார், ஆண்ட்ராய்டுக்கு ஏஏஆர், ஆப்பிளுக்கு எக்ஸ்சிஃபிரேம்வொர்க் என்று தொகுத்து முடித்த கோப்புகளைத்தான் எல்லோரும் இறக்கிக்கொள்கிறார்கள். தொகுத்த கணினியில் எந்தச் சி நூலகம் இருந்தது, எந்த வகைச் செயலி இருந்தது, எந்தக் கம்பைலர் இருந்தது என்பவையெல்லாம் அந்தக் கோப்புக்குள் நிபந்தனைகளாகப் பதிந்துவிடுகின்றன. ஆனால் திட்டத்தின் முகப்பில் ‘விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும்’ என்ற ஒற்றை வரிதான் இருக்கிறது. அந்த வரி மூலநிரலைப் பற்றிய உண்மையாக இருக்கலாம். நான் இறக்கிய கோப்பைப் பற்றி அது எனக்கு எதுவும் சொல்வதில்லை.

லினக்ஸை எடுத்துக்கொள்வோம், ஏனெனில் சிக்கல் அங்கேதான் அதிகம். பெரும்பாலான லினக்ஸ் நிரல்களுக்கு அடிப்படையான குனு சி நூலகம் ஜிலிப்சி. அதில் ஒவ்வொரு சிம்பலுக்கும், அதாவது பிற நிரல்கள் அழைக்கும் ஒவ்வொரு பெயருக்கும், ஒரு பதிப்பெண் உண்டு. ஒரு செயற்பாட்டின் நடத்தை மாறும்போது பழைய பதிப்பையும் வைத்துக்கொண்டு, புதிதாக இணைக்கப்படும் நிரல்களுக்குப் புதிய பதிப்பைக் கொடுப்பது அதன் வழக்கம். 64 பிட் இன்டெல் வகைக் கணினியில் நினைவகத்தில் தரவை நகலெடுக்கும் மெம்காப்பி என்ற மிகச் சாதாரணமான செயற்பாட்டுக்குக்கூட ஜிலிப்சி 2.14-இல் புதிய பதிப்பு வந்தது. இந்த ஏற்பாட்டால் பழைய கோப்பு புதிய கணினியில் ஓடும். புதிய கணினியில் தொகுத்த கோப்போ பழைய கணினியில் ஓடாது. 2021 ஆகஸ்டில் வந்த 2.34 பதிப்பு, அதுவரை தனியாக இருந்த பிதிரெட் நூலகத்தையும் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் திரெட்டுகளை உருவாக்குவது அது), ஓடும்போதே நூலகங்களை ஏற்றும் டிஎல்ஓப்பன் போன்ற அழைப்புகளையும் முதன்மை நூலகத்துக்குள் சேர்த்தது. அதற்குப் பிந்தைய கணினியில் தொகுத்த நூலகம் ஒரே ஒரு திரெட்டை உருவாக்கினாலும் போதும், ‘ஜிலிப்சி 2.34 கிடைக்கவில்லை’ என்ற பிழையோடு பழைய சேவையகங்களில் நின்றுவிடும். மூலநிரலில் ஒரு வரிகூட மாறியிருக்காது. தொகுக்கும் கணினியை யாரோ புதுப்பித்திருப்பார்கள், அவ்வளவுதான்.

பைத்தான் சமூகம் இதற்குக் கண்ட தீர்வை எல்லோரும் ஒருமுறை பார்க்க வேண்டும். 2016-இல் வந்த பெப் 513 என்ற பைத்தான் முன்மொழிவு, சென்ட்ஓஎஸ் 5 என்ற பழைய லினக்ஸை அடித்தளமாக வைத்து மெனிலினக்ஸ்1 என்ற பெயரை வகுத்தது. அந்த அடித்தளத்தில் தொகுத்த வீல், அதன்பின் வந்த பெரும்பாலான ஜிலிப்சி லினக்ஸ்களில் ஓடும். அடுத்தடுத்து அடித்தளங்கள் மாறின. சென்ட்ஓஎஸ் 7 வந்தது. பின்னர் பெப் 600, இந்தப் பெயர்களை ஆண்டுகளோடு கட்டிவைப்பதை விட்டுவிட்டு, தேவைப்படும் ஜிலிப்சி பதிப்பெண்ணையே கோப்பின் பெயரில் எழுதச் சொன்னது. 2_28 என்று பெயரில் இருந்தால் ஜிலிப்சி 2.28-ஓ அதற்குப் பிந்தையதோ வேண்டும் என்று பொருள். அந்தப் பெயர் உண்மைதானா என்று ஆடிட்வீல் என்ற கருவி கோப்பைத் திறந்து பார்த்துச் சொல்லும். தேவைப்படும் வெளி நூலகங்களையும் உள்ளேயே சேர்த்துவிடும். நிபந்தனை கோப்பின் பெயரிலேயே இருப்பதால், பொருந்தாத கோப்பைப் பைத்தானின் நிறுவும் கருவியான பிப் இறக்குவதே இல்லை.

மற்ற மொழிகளில் நூலகம் வெளியிடும் நண்பர்களே, உங்களிடம் இத்தனை ஏற்பாடுகளை நான் எதிர்பார்க்கவில்லை. வெளியீட்டுப் பக்கத்தில் ‘லினக்ஸ் எக்ஸ்64’ என்று மட்டும் பெயரிட்ட ஒரு சுருக்குக் கோப்பைப் பார்க்கும்போது, அதன் அருகில் நான்கு செய்திகள் இருந்தால் போதும் என்றுதான் நினைக்கிறேன். குறைந்தபட்ச ஜிலிப்சி எது, குறைந்தபட்ச மேக்ஓஎஸ் எது, குறைந்தபட்ச விண்டோஸ் எது, செயலியிடம் எந்தக் கட்டளைத் தொகுதியை எதிர்பார்க்கிறீர்கள் என்பவை அவை. நான்காவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். தொகுக்கும் கணினியின் செயலிக்கேற்ப வேகப்படுத்தச் சொல்லும் ஒரு கம்பைலர் விருப்பம் தவறிப்போய் வெளியீட்டுக்குள் நுழைந்துவிட்டால், கோப்பு பயனரின் பழைய கணினியில் ஏற்றப்படும். நன்றாகவே ஓடத் தொடங்கும். ஏதோ ஒரு கணக்கின் நடுவில் ‘செல்லாத கட்டளை’ என்று செத்துவிடும். எங்கே தவறு என்று தேடிப் பிடிப்பது மிகக் கடினம். ரெட்ஹாட் நிறுவனம் தன் லினக்ஸின் 9-ஆம் பதிப்புக்கு எக்ஸ்86-64-வி2 என்ற செயலித் தளத்தையும், 10-ஆம் பதிப்புக்கு வி3 என்ற தளத்தையும் குறைந்தபட்சமாக அறிவித்தது. பிடிக்கிறதோ இல்லையோ, வாங்குபவருக்குத் தெரியும். உங்கள் பயனருக்கும் அதே அளவு தெரிந்தால் போதும்.

ஜிலிப்சியே இல்லாத லினக்ஸும் உண்டு. கன்டெய்னர்களில் (நிரலையும் அது ஓடும் சூழலையும் ஒன்றாகக் கட்டிய பொதிகளில்) பரவலாகப் பயன்படும் ஆல்பைன், மஸ்ல் என்ற வேறொரு சி நூலகத்தின் மேல் நிற்கிறது. 2021 பிப்ரவரியில், பைத்தானின் கிரிப்டோகிராஃபி நூலகம் தன் 3.4 பதிப்பில் ரஸ்ட் மொழி நிரலைச் சேர்த்தபோது நடந்ததை நீங்களும் நினைவில் வைத்திருப்பீர்கள். மஸ்லுக்கான வீலை வரையறுக்கும் பெப் 656 அப்போது நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. ஆகவே ஆல்பைனில் பிப் ஒவ்வொரு முறையும் மூலநிரலை இறக்கி அங்கேயே தொகுத்துக்கொண்டிருந்தது. பலருக்கு அப்படி நடப்பதே தெரியாது. 3.4 வந்த அன்று ரஸ்ட் கம்பைலர் இல்லாத அந்தக் கன்டெய்னர்கள் எல்லாம் கட்டப்படாமல் நின்றன. ரஸ்ட் சென்று சேராத பழைய செயலிகளை வைத்திருந்தவர்களும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். நினைவகப் பிழைகளிலிருந்து ஒரு மறையாக்க நூலகத்தைக் காக்க எடுத்த அந்த முடிவு சரி என்பதே என் கருத்து. அந்தப் பராமரிப்பாளர்கள்மீது வீசப்பட்ட வசைகளில் எனக்குச் சிறிதும் உடன்பாடு இல்லை. ஆனால் நீங்கள் ஒருபோதும் வாக்களிக்காத ஒரு தளத்தில் ஆயிரக்கணக்கானோர் உங்களை நம்பி இருக்கக்கூடும் என்பதையும், வாக்குறுதியின் எல்லை எழுதப்படாதபோது பயனர் அதைத் தம் வசதிக்கேற்ப விரித்துக்கொள்வார் என்பதையும் அந்நிகழ்ச்சி காட்டியது.

இதற்கு ரஸ்ட் திட்டமே நல்ல வழி வைத்திருக்கிறது. தான் அறிந்த தளங்களை மூன்று அடுக்குகளாகப் பிரித்திருக்கிறது. முதல் அடுக்கில் உள்ளவை சோதனைகளோடு இயங்கும் என்ற உறுதி பெற்றவை. இரண்டாம் அடுக்கில் உள்ளவை தொகுக்கப்படும் என்ற உறுதி மட்டும் பெற்றவை. மூன்றாம் அடுக்குக்கு நிரலில் இடம் உண்டு, உறுதி எதுவும் இல்லை. பைத்தான் மொழியும் பெப் 11 வழியாக இதுபோன்ற அடுக்குகளைப் பின்பற்றுகிறது. உங்கள் நூலகம் எத்தனை சிறியதானாலும் இப்படி ஒரு பத்து வரிப் பட்டியலை முகப்பில் வைக்க முடியும். ‘எங்களிடம் இந்தக் கணினி இல்லை, யாராவது திருத்தம் அனுப்பினால் ஏற்போம்’ என்று மூன்றாம் அடுக்கில் எழுதுவதில் எந்த இழிவும் இல்லை.

விண்டோஸ் பற்றி நீளமாக எழுத வேண்டியதில்லை, தெரிந்த கதைதான். அங்கே 64 பிட் கணினியிலும் சி மொழியின் லாங் என்ற முழுஎண் வகை 32 பிட்டாகவே இருக்கிறது. லினக்ஸிலும் மேக்கிலும் 64. இந்த வேறுபாடு, பைத்தானில் எண் கணக்கீட்டுக்கான நம்பை நூலகத்தின் இயல்பு முழுஎண்ணில் பல்லாண்டுகள் வெளித்தெரிந்துகொண்டே இருந்து, 2024 ஜூனில் வந்த 2.0 பதிப்பில்தான் 64 பிட் விண்டோஸிலும் 64 பிட்டாக மாற்றப்பட்டது. பொது இடைமுகத்தில் அளவு நிச்சயமான வகைகளைப் பயன்படுத்துங்கள் என்ற பழைய அறிவுரையைத் தவிர வேறு எதையும் நான் சொல்லப் போவதில்லை.

இடைமுகம் பற்றிச் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று இருக்கிறது. உங்கள் நூலகம் ஒதுக்கிய நினைவகத்தை உங்கள் நூலகமே விடுவிக்க வழி செய்யுங்கள். விண்டோஸில் டிஎல்எல் எனப்படும் ஒவ்வொரு நூலகக் கோப்பும் தனக்கென ஒரு சி இயங்குநேர நூலகத்தோடு இணைக்கப்பட்டிருக்கலாம். ஒன்றில் ஒதுக்கியதை மற்றொன்றில் விடுவித்தால் நினைவகக் குவியல் சிதையும். அதேபோல, சி++ வகுப்புகளை நூலகத்தின் எல்லைக்கு வெளியே அனுப்புவதும் ஆபத்தானது. 2015-இல் ஜிசிசி கம்பைலரின் 5-ஆம் பதிப்பு வந்தபோது அதன் சரத்தின் உள்ளமைப்பு மாறியதால், ஒரே சி++ நூலகத்துக்குள் இரண்டு ஏபிஐ-களை (தொகுத்த கோப்புகள் ஒன்றோடொன்று பொருந்துவதற்கான விதிகளை) பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்க வேண்டியதாயிற்று. அந்தச் சுமை இன்றும் இறங்கவில்லை. உள்ளே எந்த மொழியில் எழுதினாலும், வெளியே தெரிவது எளிய சி இடைமுகமாக இருக்கட்டும். எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள நூலகம் இதற்குப் போதுமான சான்று. தான் ஒதுக்கியதை விடுவிக்கத் தனிச் செயற்பாட்டைத் தருகிறது. முழு மூலநிரலையும் ஒற்றைக் கோப்பாகவும் வழங்குகிறது. 2050 வரை ஆதரவு தருவோம் என்று அதை உருவாக்குவோர் அறிவித்திருக்கிறார்கள். அத்தனை நீண்ட வாக்குறுதியை யாரும் துணிந்து தருவதற்கு அந்தக் குறுகிய, கெட்டியான எல்லையும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

இனி சோதனைக்கு வருகிறேன். உங்கள் தானியங்கிச் சோதனைகள் பெரும்பாலும் மூலநிரல் கோப்புறைக்குள்ளேயே ஓடுகின்றன. பொதிக்குள் சேர்க்க மறந்துபோன தரவுக் கோப்பும் அந்தக் கோப்புறையில் இருக்கிறது. எனவே சோதனை வெற்றி பெறுகிறது, பயனரிடம் தோல்வியடைகிறது. விண்டோஸில் தொகுக்கும் கணினியில், அங்கே கட்டிய நிரல்கள் ஓடத் தேவைப்படும் விஷுவல் சி++ இயங்குநேரம் ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கும். ஆகவே அது இல்லாத கணினியில் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. தொகுத்து முடித்த பொதியை வேறொரு வெறும் கணினியில், நீங்கள் அறிவித்திருக்கும் மிகப் பழைய இயங்குதளத்தில் நிறுவி, மூலநிரலின் வாடையே இல்லாத ஒரு கோப்புறையிலிருந்து சோதனைகளை ஓட்டுங்கள். பைத்தானில் சிஐபில்டுவீல் என்ற கருவி இதற்குப் பெரிதும் உதவுகிறது: வீலைக் கட்டி, தனிச்சூழலில் நிறுவி, அதன்மேல் சோதனையை ஓட்டுகிறது. பிற மொழிகளில் இதைக் கையால் செய்ய வேண்டியிருக்கும். ஆனால் ஒருமுறை எழுதிவிட்டால் போதும்.

ஆப்பிள் தன் சொந்தச் செயலிக்கு 2020-இல் மாறத் தொடங்கியபின், அந்தச் செயலிக்கெனத் தொகுத்த எல்லாக் கோப்புகளும் ஏதேனும் ஒரு டிஜிட்டல் கையொப்பம் கொண்டிருக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. கையொப்பத்துக்குப் பிறகு கோப்பைக் குறைக்கவோ பாதைகளை மாற்றவோ செய்து, மீண்டும் கையொப்பமிடாமல் விட்டால், அமைப்பு அந்த நிரலைக் கொன்றுவிடும். பிழைச்செய்தியில் கையொப்பம் என்ற பேச்சே சில நேரம் இராது. பயனர் உங்கள் நூலகத்தில் நினைவகப் பிழை இருப்பதாகப் புகார் எழுதுவார்.

நான் சொல்ல வருவதற்கு ஆண்ட்ராய்டை விடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. நெடுங்காலமாக ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் நினைவகப் பக்கம், அதாவது இயங்குதளம் நினைவகத்தைப் பிரித்துக் கையாளும் அலகு, 4 கிலோபைட். ஆண்ட்ராய்டு 15 முதல் 16 கிலோபைட் பக்கங்களைக் கொண்ட கருவிகளுக்கும் இடமளிக்கப்பட்டது. ஆண்ட்ராய்டு 15-ஐயோ அதற்குப் பிந்தையதையோ இலக்காகக் கொண்ட கைப்பேசி ஆப்களும் அவற்றின் புதுப்பிப்புகளும் 2025 நவம்பர் 1 முதல் 16 கிலோபைட் பக்கத்துக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும் என்று கூகுள் பிளே அறிவித்தது. 4 கிலோபைட்டுக்கு ஒழுங்குபடுத்தி இணைக்கப்பட்ட எஸ்ஓ என்ற நூலகக் கோப்பு அந்தக் கருவிகளில் ஏற்றப்படாமல் போகலாம். இதைச் சரிசெய்ய மூலநிரலில் பெரும்பாலும் எதையும் தொட வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டின் கட்டும் கருவித்தொகுதியான என்டிகேயின் ஆர்28 பதிப்போ பிந்தையதோ கொண்டு மறுபடி கட்டினாலே போதும். ஆனால் அந்த மறுகட்டலை ஆப் எழுதுபவரால் செய்ய முடியாது. அவரிடம் இருப்பது நீங்கள் எப்போதோ கட்டி வெளியிட்ட ஏஏஆர் மட்டும். ‘நிரலில் மாற்றம் இல்லை, அதனால் புதிய வெளியீடும் இல்லை’ என்று பல ஆண்டுகளாக அமைதியாக இருந்த நல்ல நூலகங்கள் பல, பிழையே இல்லாமலும் பயனற்றுப்போகும் நிலைக்கு வந்தன. குறையில்லாத நூலகத்துக்கும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது அன்றைய கருவிகளால் மறுகட்டல் தேவை என்று திட்டமிட்டுக்கொள்ளுங்கள். கட்டும் முறையை இயந்திரத்துக்கு எழுதி வைத்திருந்தால் அது ஒரு மாலைப்பொழுதின் வேலைதான்.

சான்று பற்றிய கோரிக்கைக்குக் காரணம் கூற, கோப்புகளைச் சுருக்கும் நூலகமான எக்ஸ்இசட் யூட்டில்ஸை விட வேறு எதுவும் வேண்டியதில்லை. 2024 மார்ச்சில், தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு ஏறத்தாழ அரை வினாடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், அந்த நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் புதைக்கப்பட்டிருந்த பின்கதவை வெளிக்கொணர்ந்தார். அந்தக் கதவைத் திறக்கும், கட்டும்போது ஓடும் எம்4 ஸ்கிரிப்ட், மூலநிரல் பொதுவில் இருக்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்கென்று தனியாகக் கட்டப்பட்ட சுருக்குக் கோப்பில்தான் இருந்தது. களஞ்சியத்தை வரி வரியாகப் படித்தவருக்கும் அது கண்ணில் பட்டிருக்காது. தன் கணினியில் கட்டி, தன் கையால் பதிவேற்றும் பராமரிப்பாளர் ஒவ்வொருவரும், களஞ்சியத்துக்கும் கோப்புக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியைத் தன்னை அறியாமல் திறந்து வைத்திருக்கிறார்.

இதை மூடும் வழிகள் இப்போது கையெட்டும் தூரத்தில் இருக்கின்றன. பைத்தான் பொதிகள் வெளியாகும் தளமான பைபிஐ 2023-இல் ‘நம்பகமான வெளியீடு’ என்ற முறையைக் கொண்டுவந்தது. அதன்படி நெடுநாள் உயிருள்ள கடவுச்சாவி எதுவும் தேவையில்லை. கட்டும் சேவை தன் அடையாளத்தைக் காட்டிக் குறுகிய காலச் சாவியைப் பெற்றுக்கொள்கிறது. எந்தக் களஞ்சியத்திலிருந்து கோப்பு கட்டப்பட்டது என்ற கையொப்பமிட்ட சான்றுகளை அது 2024 நவம்பரில் ஏற்கத் தொடங்கியது. ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளுக்கான என்பிஎம்மிலும் இத்தகைய சான்று உண்டு. இவை நிரல் நல்லது என்று சொல்வதில்லை. எங்கிருந்து வந்தது என்று மட்டுமே சொல்கின்றன. எனக்கு அதுவே பெரிய உதவி. ஒரே மூலத்திலிருந்து யார் கட்டினாலும் பைட்டுக்குப் பைட் ஒரே கோப்பு வரும்படி செய்ய முடிந்தால் இன்னும் நல்லது. முடியாவிட்டால் குறைசொல்ல மாட்டேன்.

எக்ஸ்இசட் கதையின் மறுபாதியையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. பின்கதவைப் புதைத்தவர் பராமரிப்பாளர் இடத்துக்கு வர முடிந்ததற்கு, களைத்துப்போயிருந்த ஒற்றைப் பராமரிப்பாளரை ‘ஏன் இவ்வளவு தாமதம்’ என்று மடல்மேல் மடலாக நெருக்கிய குரல்களும் உதவின. அக்குரல்கள் போலிக் கணக்குகளாகவே இருந்திருக்கலாம். ஆனால் அவை ஐயம் எழுப்பாமல் பொருந்திப்போகும் அளவுக்கு, என்னைப்போன்ற பயனர்களின் வழக்கமான தொனி அதுவாகவே இருக்கிறது. உங்கள் நூலகத்தால் வருமானம் ஈட்டும் நிறுவனங்கள் பழைய கணினிகளில் சோதனை ஓட்டும் செலவையாவது ஏற்க வேண்டும் என்று நான் வேலை செய்யும் இடத்தில் பேசி வருகிறேன்.

இரண்டு சிறிய விஷயங்கள். ஒரு பதிப்பெண்ணின் கீழ் வெளியிட்ட கோப்பை அதே எண்ணில் மாற்றி வைக்காதீர்கள். பைபிஐயும் ஜாவா பொதிகளுக்கான மேவன் சென்ட்ரலும் அதை அனுமதிப்பதில்லை. வேறு இடங்களில் வெளியிடும்போதும் அந்த ஒழுங்கைக் கடைப்பிடியுங்கள். வெளியிட்டதை அழிக்கவும் வேண்டாம்: 2016-இல் பதினோரு வரிகளே கொண்ட லெஃப்ட்பேட் என்ற பொதி என்பிஎம்மிலிருந்து நீக்கப்பட்டபோது எத்தனை திட்டங்கள் கட்டப்படாமல் நின்றன என்பதை யாரும் மறந்திருக்க முடியாது.

கடைசியாக, தளங்களைக் கைவிடுவது பற்றி. அது தவிர்க்க முடியாதது. இன்டெல் மேக்குகளுக்கு மேக்ஓஎஸ் 26 தான் கடைசிப் பதிப்பு என்று ஆப்பிள் 2025 ஜூனில் அறிவித்துவிட்டது. நீங்களும் ஒருநாள் அந்த வீலை நிறுத்துவீர்கள். நிறுத்துங்கள். ஆனால் பிழைதிருத்தப் பதிப்பு ஒன்றில் சத்தமில்லாமல் நிறுத்தாதீர்கள். ஒரு கோப்பு இல்லாமல் போனால் பிப் ‘இத்தளம் கைவிடப்பட்டது’ என்று சொல்வதில்லை. மூலநிரலை இறக்கித் தொகுக்கத் தொடங்கி, எங்கோ ஒரு கம்பைலர் பிழையில் முடிகிறது. அந்தப் பிழையைப் படிப்பவர் உங்கள் நிரலே உடைந்துவிட்டது என்று நினைக்கிறார். முந்தைய பெரிய வெளியீட்டின் குறிப்பிலேயே நாளைச் சொல்லுங்கள். கைவிடப்படும் தளத்துக்கான கடைசிப் பதிப்பு எது என்றும் எழுதுங்கள். இதே காரணத்தால், பதிவேற்றும் வரிசையிலும் கவனம் வேண்டும். பைபிஐயில் கோப்புகள் ஒவ்வொன்றாகவே ஏறுகின்றன. மூலநிரல் பொதி முதலில் ஏறி, வீல்கள் ஏறச் சில நிமிடங்கள் ஆனால், அந்த இடைவெளியில் வருபவர்கள் எல்லோரும் தொகுப்புப் பிழைகளில் விழுவார்கள். எல்லா வீல்களும் கட்டி முடிந்து, சோதனையில் தேறியபின் அவற்றை முதலில் ஏற்றி, மூலநிரல் பொதியைக் கடைசியில் ஏற்றுங்கள். வெளியீட்டு ஸ்கிரிப்டில் இரண்டு வரிகளை இடம் மாற்றினால் இது முடிந்துவிடும்.

இந்தக் கோரிக்கைகளில் எதையேனும் ஏற்று உங்கள் திட்டத்தில் தளப் பட்டியல் ஒன்றைத் தொடங்குவீர்களானால், எங்களிடம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய லினக்ஸ் சேவையகங்களிலும் 16 கிலோபைட் பக்கக் கருவிகளிலும் உங்கள் முன்வெளியீட்டுக் கோப்புகளை ஓட்டிப் பார்த்து, முடிவுகளைப் பிழைப்பதிவுகளோடு அனுப்பிவைக்க ஆயத்தமாக இருக்கிறேன்.

நன்றியுடனும் மதிப்புடனும்,
உங்கள் நூலகங்களைக் கொண்டு மென்பொருள் கட்டும் ஒரு பொறியாளர்